குளிரில் உறங்கிய ஈஸ்ட்டும் ஹெல்மெட் போட்ட பெண்களும்

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், "நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டால், "நுரை வளத்தேங்க" என்று சொல்வேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கும்.

பலாங்கொடைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி நிற்கிற இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போனால் எங்கள் தோட்டம். அங்கே அன்னாசிப் பழத்தில் நுரை வைன் செய்கிறோம். செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், நாக்குத்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை. சென்ற மாதம் அங்கே புதிதாக ஓர் இரும்புத் தாங்கி வந்தது. இனி நுரை போத்தலுக்குள் வளராதாம், மொத்தமாகத் தாங்கிக்குள்ளேயே வளருமாம். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று வெளியே ஒரு கண்ணாடித் திரையில் எண் ஓடுகிறது. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "முந்தி இதெல்லாம் இல்லாம எப்படி மாமா சமாளிச்சீங்க?" என்று ஆய்வுகூடத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. நான் தொடங்கினேன். தேநீர் ஆறியது. ரோல்ஸ் ஆறியது. கடைசியில் அவள்தான், "மாமா, இதையெல்லாம் எழுதித் தாங்களேன், ஆறுதலா, நேரம் எடுத்து வாசிக்கிறோம்" என்றாள். இத்தனை மரியாதையாக என் வாயை யாரும் மூடியதில்லை. எழுதுகிறேன்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. பிறகு தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. எங்கள் ஸ்டோரை மூடி, கொழுந்தை வேறு தோட்டத்துக்கு ஏற்றத் தொடங்கியபோது, சும்மா கிடந்த கட்டடத்தில் கம்பனி வைன் போட்டது. பழம் கீழ்நாட்டிலிருந்து லொறியில் வரும். குளிர் எங்களுடையது, அது இலவசம். அன்னாசி வெட்டுவது, சாறு பிழிவது, தாங்கி கழுவுவது என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழைந்தேன். ஈஸ்ட் பைக்கற்றில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். புரியாததைச் சிவபாதம் ஐயாவிடம் கேட்டேன். என் பல்கலைக்கழகம் அவ்வளவுதான்.

சிவபாதம் ஐயாதான் எங்கள் வைன் மேக்கர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி, உயரம், வெயில் நாளிலும் கையில் குடை. வைனைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை, ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டு விழுங்கியதில்லை. சைவம், விரதம், எல்லாம் உண்டு. ஒரு மிடறு வாயில் எடுப்பார். கண்ணை மூடுவார். கன்னம் இரண்டும் மாறி மாறி உப்பும். பிறகு வாளியில் துப்பிவிட்டு, தண்ணீரில் வாய் கொப்பளித்து, பொக்கற்றிலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, "புளிப்புக் காணாது" என்பார். அவர் காணாது என்றால் போதாதுதான்.

அவரிடம் இன்னொரு பழக்கம். ஈஸ்ட்டை அது, இது என்று சொல்லவே மாட்டார். 'அவையள்' என்பார், கலியாண வீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டாரைச் சொல்வதுபோல.

"மாரிமுத்தர், அவையள் எழும்பீட்டினமோ?"

"எந்திரிச்சிட்டாங்க ஐயா. நுரை தள்ளுது."

"சாப்பாடு குடுத்தாச்சோ?"

"சீனித் தண்ணி குடுத்தேன் ஐயா."

"இனி மெல்ல மெல்லப் பழக்கும். அவசரப்படுத்தினால் மயங்கி விழுந்திடுவினம்."

விஷயம் என்னவென்றால், அன்னாசிச் சாறு முதல் தரம் பொங்கி அடங்கி, ஏற்கெனவே வைனாகிவிட்டது. அதில் நுரை இல்லை. நுரை வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் சீனியும் புது ஈஸ்ட்டும் சேர்த்து, போத்தலில் அடைத்து, இறுக மூடி, உள்ளேயே இரண்டாம் தரம் பொங்க விட வேண்டும். ஆனால் வைனில் சாராயச் சத்து இருக்கிறது. காய்ந்த ஈஸ்ட்டைப் பைக்கற்றிலிருந்து நேரே அதற்குள் கொட்டினால் பாதிக்குமேல் அங்கேயே செத்துப்போகும். அதனால் முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் எழுப்புவோம். சீனி கொடுப்போம். பொங்கி வந்ததும் ஒரு கோப்பை வைன் ஊற்றுவோம். கொஞ்சம் திகைத்து நிற்கும். பொறுப்போம். திரும்பப் பொங்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். ஆற்றில் இறங்குகிறவன் முதலில் காலை நனைத்து, அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு என்று போவானே, அதேதான். கழுத்தளவு வைனிலும் அது கும்மாளம் போடுகிறது என்று தெரிந்த பிறகுதான் பெரிய தாங்கியில் கலந்து போத்தலில் அடைப்போம்.

அடைத்த போத்தலுக்குச் சோடா மூடி. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்குவோம். இருட்டு அறை, அதிகச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. உள்ளே ஈஸ்ட் சீனியைத் தின்னும், வாயுவை விடும். வாயுவுக்குப் போக வழியில்லை. வேறு என்ன செய்யும், வைனுக்குள்ளேயே கரைந்து ஒளிந்துகொள்ளும். மூடி திறக்கிற அன்றைக்குத்தான் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் வெளியே வரும். சீனி தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் மாவுபோலப் படியும். அது வீணில்லை, சும்மா கிடந்தே வைனுக்குப் பேக்கரிப் பாண் வாசம் கொடுக்கும். "செத்த பிறகும் வேலை செய்யிறதுகளா! கங்காணிக்குத் தெரிஞ்சா நம்மளையும் கேப்பானே" என்றாள் லெட்சுமி அக்கா.

லெட்சுமி அக்காவைச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. போத்தல் அறையில் வேலை செய்த பெண்களுக்கு அவள்தான் தலைவி. யாரும் நியமிக்கவில்லை, குரலை வைத்துத் தானாகவே அமைந்தது. மலையில் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போனது. மேட்டில் ஏறினால் கால் மடங்கிக்கொள்ளும். போத்தல் அறையின் மட்டமான சீமெந்துத் தரையில் மட்டும் ராணிபோல நடப்பாள். "எனக்குச் சொர்க்கம்னா அது மேல இல்ல தம்பி, மட்டமா இருக்கும்" என்பாள்.

எங்கள் முதல் முயற்சியில் வெடித்தது வைன் அல்ல, போத்தல்கள். செலவைக் குறைக்க, ஹோட்டல்களில் பாவித்துக் கழித்த போத்தல்களை வாங்கியிருந்தோம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். ஒரு நாள் காலைத் தேநீர் நேரத்தில் ஒன்று வெடித்தது. அதன் சில்லுப் பட்டு அடுத்தது. அப்புறம் தீபாவளிதான். கதவுக்கு வெளியே நாங்கள் தரையில் குப்புறப் படுத்திருக்க, உள்ளே பட பட பட என்று அடுக்கு முழுக்கப் போனது. காவல்காரர் பண்டா அண்ணன் வெளிக் கேற்றைப் பூட்டிவிட்டுத் தான் மட்டும் வெளியே நின்றுகொண்டார். "ஏன்யா எங்கள உள்ள வச்சுப் பூட்டுன?" என்று லெட்சுமி அக்கா கத்த, "வெடிக்கிறது வெளிய வந்திரக் கூடாதுல்ல நங்கி" என்றார் அவர். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. அறையிலிருந்து அன்னாசி வைன் தண்ணீர்க் கான் வழியே ஓடியது. தோட்டத்து நாய்கள் அன்று மத்தியானம் நடந்த நடையை நான் இங்கே எழுதவில்லை.

"பிழை கண்ணாடியில. அவையளில பிழையில்லை" என்றார் ஐயா.

கொழும்பிலிருந்து அன்று மாலையே கம்பனி டிரெக்டர் மாத்தயா வந்து பார்த்தார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அதிகம் பேசாத மனிதர். தடித்த போத்தல்கள் வாங்கித் தர ஒத்துக்கொண்டார். ஆனால் போகும்போது சொன்னார்: இன்னும் ஒரு தரம். அதிலும் நுரை வராவிட்டால் இந்த அறை பூட்டு, பெண்கள் எல்லோரும் மலைக்குத் திரும்ப வேண்டும். லெட்சுமி அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

இரண்டாம் தரம் மார்கழியில் அடைத்தோம். புதுப் போத்தல், கனம் என்றால் கனம். அடுக்கி முடித்ததும் ஐயா, விரதத்துக்கும் பொங்கலுக்குமாக யாழ்ப்பாணம் புறப்பட்டார். பஸ் ஏறும்போது, "அறையில சூடு ஏற விடாதேங்கோ" என்றார். நானும் பழம் ஏற்றப் போகிற லொறியோடு கீழ்நாட்டுக்குப் போய்விட்டேன். அறை பெண்கள் பொறுப்பில்.

அவர்கள் பொறுப்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

ஐயா பொங்கல் முடிந்து திரும்பினார். நானும் வந்திருந்தேன். டிரெக்டர் மாத்தயா மாதக் கடைசியில் ஹோட்டல் ஆள் ஒருவரோடு வருவதாகச் செய்தி காத்திருந்தது. ஐயாவிடம் ஒரு கருவி உண்டு. மூடியில் ஊசியைக் குத்தினால் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று முள் காட்டும். ஒரு போத்தலில் குத்தினார். முள் லேசாக அசைந்து, அப்படியே நின்றது. இன்னொன்றில் குத்தினார். அதுவும் அப்படியே. ஒரு மிடறு எடுத்தார், கண்ணை மூடினார், துப்பினார். "சீனி அப்பிடியே கிடக்கு" என்றார். திருநீறு பூச மறந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"செத்துட்டாங்களா ஐயா?"

"தெரியேல்லை." போத்தலை எடுத்து அடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தில் வைத்தார். "மாரிமுத்தர், இதென்ன, ஆத்துக்கல்லு மாதிரிக் கிடக்கு?"

அப்போதுதான் சுற்றிப் பார்த்தோம். எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஈரச் சாக்கு தொங்கியது. தரையில் தண்ணீர் தெளித்திருந்தது. மலைக்காற்று சாக்கு வழியே புகுந்து வந்து முதுகுத்தண்டைத் தொட்டது. தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது ஒரே பார்வையில் புரியும். அரைத்த கொழுந்தைப் பரப்பி நிறம் மாற விடுகிற அறையை அப்படித்தான் வைத்திருப்போம். அது சூடேறினால் தேயிலை கெட்டது. ஈரச் சாக்கும் திறந்த ஜன்னலும்தான் அந்த அறைக்கு வைத்தியம். மலைக்குப் போவதற்கு முன்னால் லெட்சுமி அக்கா பல வருஷம் வேலை செய்தது அந்த அறையில்தான்.

"ஆர் இந்தச் சாக்கைக் கட்டினது?" என்றார் ஐயா.

லெட்சுமி அக்கா முன்னால் வந்தாள்.

"நாந்தாங்கய்யா. போன தடவ சூட்டுல தான் வெடிச்சிருச்சோன்னு பயம். நீங்களும் சூடு ஏற விடாதேன்னு சொன்னீங்க. இத்தன பேரு ஒரு போத்தலுக்குள்ள அடைஞ்சு கெடக்குறாங்க, வேர்க்குமேன்னு..."

நான் ஐயாவின் முகத்தைப் பார்க்கவில்லை, குடையைத்தான் பார்த்தேன். குடை நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மனிதர் சிரிக்கிறார்! அத்தனை வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு. அன்னாசிப் பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, "வேர்க்குமெண்டோ! வேர்க்குமெண்டோ பிள்ளை!" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களையும் பிடித்துக்கொண்டது. வேலை போகப் போகிறது, நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

சிரித்து முடித்ததும் எழுந்தார். "சாகேல்லை. குளிரில உறங்கீட்டினம். மூடியிருக்கிற போத்தலுக்குள்ள சாராயம் ஒரு பக்கம், வாயு ஒரு பக்கம் நெருக்கும். அதோட குளிரும் சேர்ந்தால் ஆர்தான் வேலை செய்வினம்? எழுப்ப வேணும்."

எழுப்புவது எப்படி? சாக்கெல்லாம் கழன்றது. ஜன்னல்கள் மூடின. பீப்பாய்களில் சுடுதண்ணீர் நிரப்பி அடுக்குகளுக்கு நடுவே உருட்டி வைத்தோம். கொழுந்து மலைக்குப் பெண்கள் போர்த்திக்கொண்டு போகும் கம்பளிகள் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து புறப்பட்டு வந்து போத்தல்களின்மேல் விழுந்தன. ஆனால் சூடு மட்டும் போதாது. ஈஸ்ட் போத்தலின் வயிற்றில் படிந்து கிடந்தது. மேலே கிடப்பதற்குச் சீனி கிடைக்கும், அடியில் புதைந்ததற்குக் கிடைக்காது. ஒவ்வொரு போத்தலையும் எடுத்துக் குலுக்கி, எல்லாவற்றையும் கலக்கி விட வேண்டும்.

"குலுக்கிறதா?" என்றாள் ஒரு பிள்ளை. போன தடவை வெடித்தது எல்லோர் கண்ணிலும் வந்து நின்றது.

"முகத்தை மூடிக்கொண்டு குலுக்க வேணும்" என்றார் ஐயா.

எதால் மூடுவது? அங்கே முகக்கவசம் ஏது? லெட்சுமி அக்கா வெளியே போய், காலையில் தப்பு மேளம் அடித்து ஆள் சேர்க்கிற பிரட்டுக்களத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் எல்லாம் வெறுந்தலையாகிவிட்டான். கறுப்பு, சிவப்பு, கண்ணாடி கீறியது, வார் அறுந்தது என்று ஹெல்மெட் குவிந்தது. லெட்சுமி அக்காவுக்குக் கிடைத்தது மருமகனுடையது. இரண்டு பக்கமும் நெருப்பு எரிகிற படம். சேலைக்கு மேலே கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு, அதற்கு மேலே அந்தத் தலை. ஐயா குடையை மூலையில் சாத்திவிட்டுத் தபால்காரருடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். தலை சின்னது, அவர் திரும்பினாலும் ஹெல்மெட் திரும்பாது.

தொடங்கினோம். போத்தலைச் சாக்கால் சுற்றி, கழுத்தைப் பிடித்து, குலுக்கு, திருப்பு, குலுக்கு, படுக்க வை. உள்ளே வெள்ளைப் புகைபோல ஈஸ்ட் எழும்பிச் சுழலும். முதல் போத்தலுக்கு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பத்திருபது தாண்டியதும் பயம் போய்விட்டது. கைகள் ஒரே தாளத்துக்கு வந்தன, யாரோ கும்மிப் பாட்டை எடுத்தாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருகிற பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. லெட்சுமி அக்கா பாடவில்லை, திட்டிக்கொண்டிருந்தாள். "எந்திரிடா ராசா! பெரட்டுக்குத் தப்பு அடிச்சு எவ்வளவு நேரமாச்சு! எந்திரிச்சு வேலையப் பாரு! நீ படுத்தா நான் மலையேறணும்டா!" பண்டா அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "மொகத மே பிஸ்ஸு?" என்றார். என்ன பைத்தியம் இது என்று அர்த்தம். சரியான கேள்விதான்.

அந்த வேலையை அடுத்தடுத்த நாட்களிலும் செய்தோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனால் நுரை வளர்கிறதா என்று தெரியவில்லை. குத்திப் பார்த்தால் ஒரு போத்தல் வீண் என்று ஐயா கருவியை அலுமாரியில் பூட்டிவிட்டார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காலையில் அவர் அடுக்குக்கு முன்னால் குனிந்து, ஒரு போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். கலங்கல் அப்படியே இருந்தது, படியவில்லை. "உறங்கிறவை எண்டால் படிஞ்சு கிடப்பினம்" என்று மட்டும் சொன்னார். மறுபடி திருநீறு பூசத் தொடங்கியிருந்தார். அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம்.

மாதக் கடைசியில் டிரெக்டர் மாத்தயா வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். கூட ஹோட்டல்காரர். ஐயா முன்வரிசையிலிருந்து ஒரு போத்தலை எடுக்கப் போனார். மாத்தயா கையைக் காட்டி நிறுத்தினார். தானே குனிந்து, சுவரோரம், அடிவரிசையில், ஆகக் குளிர்ந்த மூலையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். எங்களுக்கு உயிர் போய்விட்டது. அந்த மூலைக்குச் சுடுதண்ணீர்ப் பீப்பாய் எட்டியிருக்கவில்லை.

"ஆர் திறக்கிறது?" என்றார் ஐயா. லெட்சுமி அக்கா போத்தலை வாங்கிக்கொண்டாள். "நான் தூங்க வச்சது, நானே பாக்குறேன்."

"சேர், கொஞ்சம் தள்ளி நிண்டால் நல்லது" என்றார் ஐயா. மாத்தயா தள்ளவில்லை. போன தடவை கண்ணாடித் துண்டையும் நாய்களையும் பார்த்துவிட்டுப் போனவர். இன்றைக்கு எதையும் எதிர்பார்த்து வந்ததாகத் தெரியவில்லை.

லெட்சுமி அக்கா திறப்பானை மூடியில் மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். நெம்பினாள்.

டப்பென்றது. மூடி போய்க் கூரைத் தகரத்தில் அடித்தது. அதன் பின்னாலேயே நுரை, கட்டி அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஒரே பாய்ச்சல். மாத்தயாவின் மூக்குக் கண்ணாடி, மீசை, இஸ்திரி மடிப்பு, பக்கத்தில் நின்ற ஹோட்டல்காரரின் காது, ஒன்றையும் விடவில்லை. போத்தலில் பாதி வெளியே வந்த பிறகும் மீதி உஸ் உஸ் என்று எழும்பிக்கொண்டே இருந்தது. அக்கா அதைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கூரையிலிருந்து வைன் சொட்டியது.

மாத்தயா மீசையை நக்கினார். யோசித்தார். இன்னொரு தரம் நக்கினார். ஹோட்டல்காரர் ஒரு கோப்பை கேட்டு வாங்கி, மீதியை ஊற்றி, கலங்கலோடு குடித்தார். திரும்பவும் கோப்பையை நீட்டினார். மாத்தயா எங்களைப் பார்க்கவில்லை. போய்ச் சுவரைத் தட்டினார்.

"மே பித்தியென் எஹா பெத்தே மொனவத தியென்னே?" இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"போர, மாத்தயா" என்றாள் லெட்சுமி அக்கா. உரம்.

"ஹெட்ட அயின் கரன்ன." நாளைக்கு அதையெல்லாம் அப்புறப்படுத்துங்கள். இந்த ஓர் அறை இனிப் போதாது என்று அர்த்தம்.

அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அக்காவுக்கு அந்த ஒரு மூச்சும் தேவைப்படவில்லை. "ஹெட்ட மொகடத மாத்தயா, அதம கரனவா!" என்றாள். நாளைக்கு எதற்கு, இன்றைக்கே செய்கிறோம்.

வாகனம் வளைவு திரும்பியதுதான் தாமதம், உர அறையைத் திறந்துவிட்டோம். வைனில் நனைந்த கையோடு மூட்டை தூக்கினோம். சிரிப்பில் யாருக்கும் பலம் இல்லை, நான்கு பேர் தூக்க வேண்டியதை எட்டுப் பேர் தூக்கினோம். லெட்சுமி அக்கா வாசலில் ஒரு மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள். ஐயா ஒரு மூட்டையின் முனையைப் பிடித்து வந்து, போத்தல் வைக்கிற பழக்கத்தில், சத்தமே வராமல் மெத்தென்று தரையில் இறக்கினார்.

அக்கா அங்கிருந்தே கத்தினாள்: "சும்மா போடுங்கய்யா! அதுக்குள்ள யாரும் தூங்கல!"